ஹாட் ராட் மாடலில் வயர், பைப், போல்ட்: எதை வாங்கலாம், எதைக் கையால் செய்யலாம்?

1/25 அளவில் 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் ஒன்றை ஹாட் ராடாக (பழைய காரை வலுவான எஞ்சின் வைத்து மாற்றிக் கட்டிய வண்டி) கட்டி முடித்துவிட்டீர்கள், பெயின்ட் நன்றாக வந்திருக்கிறது, ஆனால் ஸ்மால் பிளாக் செவி எஞ்சினை (செவர்லே நிறுவனத்தின் வி8) உள்ளே வைத்ததும் மொத்த வண்டியும் பொம்மை மாதிரி ஆகிவிட்டது; எந்த டீட்டெயில் செட் வாங்கலாம், சின்ன லேத் ஒன்று தேவையா, இல்லை திரீடி பிரிண்டரே வாங்கிவிடலாமா? இதுதான் நீங்கள் எழுதியிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் என்ன வாங்குவது என்ற கேள்வி. படங்களைப் பார்த்தால் விஷயம் வேறு. பிளக் வயர் போட்டிருக்கிறீர்கள், ரேடியேட்டர் ஹோஸ் போட்டிருக்கிறீர்கள், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் லைன்கூட இழுத்திருக்கிறீர்கள். இவ்வளவு செய்தும் ஏன் நிஜம் போலத் தெரியவில்லை என்பதுதான் உண்மையில் நீங்கள் கேட்பது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் வாங்க நினைத்ததில் பாதியை வாங்கவே வேண்டாம்.

என்னைப் பற்றி ஒரு வரி. விமானப் பராமரிப்பில் பல வருடம் வேலை பார்த்தவன். எங்கே எந்த பைப் போகிறது, எதில் உரசுகிறது, எங்கே கிளாம்ப் விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பதே தினசரி வேலையாக இருந்தது. மாடல் கட்டுவது வீட்டில், அதுவும் பெரும்பாலும் அமெரிக்க கார்கள். நிஜ ஹாட் ராட் எஞ்சினை நான் கழற்றி மாட்டியதில்லை, நம் சிங்கப்பூர்ச் சாலையில் அதைப் பார்ப்பதும் அரிது. ஆகவே நிஜ வண்டியைப் பற்றி நான் சொல்வதெல்லாம் மேனுவலும் படங்களும் பார்த்துத் தெரிந்துகொண்டது. பிளாஸ்டிக், கம்பி, பசை பற்றிச் சொல்வது என் மேசையில் நடந்தது.

உங்கள் எஞ்சின் பொம்மையாகத் தெரிவதற்கு இரண்டு காரணம். ஒன்று தடிமன். இன்னொன்று, வயர்கள் எங்கோ கிளம்பி எங்கோ முடிகின்றன, நிஜத்தில் அவை போகும் இடத்துக்குப் போகவில்லை. மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

தடிமனை முதலில் பார்ப்போம், ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு. பழைய கார்களில் ஸ்பார்க் பிளக் வயரின் விட்டம் 7 மி.மீ., பிற்காலத்தில் 8 மி.மீ.யும் வந்தது. 25ஆல் வகுத்தால் 0.28, 0.32. நீங்கள் போட்டிருப்பது ஏதோ பழைய கேபிளை உரித்து எடுத்த வயர் போலத் தெரிகிறது, கண்ணால் பார்த்தே 0.7, 0.8 இருக்கும். அதைத் திருப்பி 25ஆல் பெருக்கிப் பாருங்கள், 20 மி.மீ. வருகிறது, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸின் தடிமன். எட்டு தோட்ட ஹோஸ் சுற்றிய எஞ்சினைக் கண் உடனே கண்டுபிடித்துவிடும், காரணம் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். அதே கணக்கில் 3/16 அங்குல பிரேக் லைன் 0.19 மி.மீ., 3/8 அங்குல பெட்ரோல் லைன் 0.38, ஒன்றரை அங்குல ரேடியேட்டர் ஹோஸ் 1.5. இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி மேசை எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். முதலில் வாங்க வேண்டிய கருவி ஒரு டிஜிட்டல் காலிப்பர். பாக்கெட்டில் '1/24, 1/25 பிளக் வயர்' என்று போட்டு விற்பதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

வயர் எங்கே கிடைக்கும் என்றால், மாடல் கடைக்கு முன்னால் ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவருக்குப் போங்கள். எலக்ட்ரானிக்ஸ் பாகம் விற்கும் கடையில் 30 கேஜ் வயர் ராப்பிங் வயர் என்று கேளுங்கள். உள்ளே இருக்கும் கம்பி 0.25 மி.மீ., மேலே உள்ள உறையோடு சேர்த்து சுமார் 0.5. உறையோடு அப்படியே பிளக் வயராகப் போட்டால் தடிமன் அதிகம், ஆனால் உரித்தால் ஒரே வயரில் இரண்டு பொருள் கிடைக்கிறது: உள்கம்பி பிளக் வயர் ஆகிவிடும், உறையை ஒரு மி.மீ. துண்டுகளாக நறுக்கினால் பிளக்கின் மேல் மாட்டும் ரப்பர் பூட் ஆகிவிடும். 0.5ஐ 25ஆல் பெருக்கினால் 12.5 மி.மீ., நிஜ பூட்டும் ஏறக்குறைய அந்தப் பருமன்தான். உள்கம்பி வெள்ளி நிறமாக இருக்கும், கறுப்பு அடிக்க வேண்டும். ஆனால் வளைத்து முடித்த பிறகுதான் அடிக்க வேண்டும், முதலிலேயே அடித்தால் வளைவில் பெயின்ட் வெடித்து உதிரும். மேட் கறுப்பு அக்ரிலிக்கை நீர்க்கக் கரைத்து இரண்டு கோட் அடித்தால் போதும்.

இப்போது அந்த வயர் எங்கே போகிறது? ஸ்மால் பிளாக் செவி 1955இல் 265 கன அங்குலத்தில் வந்தது, அதில் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைவைத்துப் பிரித்து அனுப்பும் பாகம்) எஞ்சினின் பின்பக்கம், ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு) ஒட்டி. எனவே எட்டு வயரும் பின்னாலிருந்துதான் கிளம்பும், முன்னால் இருக்கும் 1, 2 சிலிண்டர் வயர்கள் மிக நீளம், பின்னால் இருக்கும் 7, 8 மிகக் குட்டை. உங்கள் மாடலில் எட்டும் ஒரே நீளம், அதுதான் வளையம் வளையமாகத் தொங்குகிறது. இடது பக்கம் 1, 3, 5, 7, வலது பக்கம் 2, 4, 6, 8. அமெரிக்கப் புத்தகங்களில் 'டிரைவர் பக்கம்' என்று வந்தால் அது இடது என்பதை மறக்க வேண்டாம், நம் ஊர்ப் பழக்கத்தில் படித்தால் எஞ்சின் மொத்தமும் இடம்வலமாக மாறிவிடும். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-8-4-3-6-5-7-2, மேலிருந்து பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ரோட்டர் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். இதெல்லாம் உறுதியானவை. மூடியில் 1ஆம் எண் எந்தத் துளை என்பது மட்டும் டிஸ்ட்ரிபியூட்டரை எந்த வாக்கில் இறக்கினார்கள் என்பதைப் பொறுத்து வண்டிக்கு வண்டி மாறலாம், ஆகவே அதில் யாராவது உங்களைத் திருத்தினால் கவலைப்பட வேண்டாம். ஃபயரிங் ஆர்டரைத் துல்லியமாகப் போடுவது அவசியமா என்றால், பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். நான் போடுகிறேன், காரணம் நேர்மை எல்லாம் இல்லை: சரியான வரிசையில் போட்டால் சில வயர்கள் ஒன்றையொன்று தாண்டிப் போக வேண்டிவரும், அந்தத் தாண்டல்தான் நிஜ எஞ்சினின் சாயலைத் தருகிறது. நான்கு இந்தப் பக்கம் நான்கு அந்தப் பக்கம் என்று சீப்பு மாதிரி பிரித்துவிட்டால் அது வராது.

அடுத்த மாடலில் பழைய ஃபோர்டு ஃபிளாட்ஹெட் வி8 போடும் எண்ணம் இருந்தால் வேலை இன்னும் சுலபம். 1932இல் 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன் என்று வந்த எஞ்சின் அது. டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் இருக்கும். எண்ணும் முறையும் வேறு: வலது பக்கம் முன்னாலிருந்து 1 முதல் 4, இடது பக்கம் 5 முதல் 8. ஆரம்பகால எஞ்சின்களில் வயர்கள் ஒரு உலோகக் குழாய்க்குள் போய், ஒவ்வொரு பிளக் அருகிலும் கொஞ்சமாக வெளியே எட்டிப்பார்க்கும். நீங்கள் ஒரு பக்கத்துக்கு ஒரு பித்தளைக் குழாய் வைத்து, நான்கு குட்டைத் துண்டு வயர் ஒட்டினால் முடிந்தது. உள்ளே ஒன்றுமே போக வேண்டாம்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் செய்வதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இது வந்துவிட்டால் மற்றது தானாக வரும். கிட்டில் வருவதைத் துளைக்க முயலாதீர்கள், பெரும்பாலும் இரண்டு பாதி ஒட்டியது, துளை போட்டால் பிளந்துவிடும். 3.2 மி.மீ. ஸ்டைரீன் (மாடல் பிளாஸ்டிக்) ராட் ஒன்றை எடுங்கள், வெட்டுவதற்கு முன்னால், நீளமாக இருக்கும்போதே அதன் முனையில் வேலை செய்யுங்கள், பிடித்துக்கொள்ள இடம் வேண்டும் அல்லவா. முனையைச் சமமாகத் தேய்த்து, பென்சிலால் எதிரெதிர் நான்கு கோடு போட்டால் விளிம்பில் எட்டுப் புள்ளி, நடுவில் ஒன்று. காயிலிலிருந்து (உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) வரும் வயர் அந்த நடுப்புள்ளிக்கு. ஒவ்வொரு புள்ளியிலும் முதலில் கூர்மையான ஊசியால் ஒரு குழி, அதற்குப் பிறகுதான் டிரில். 0.25 கம்பிக்கு 0.3 பிட், கையால் சுழற்றும் பின் வைஸ். மோட்டார் வைத்து வேகமாகத் துளைத்தால் ஸ்டைரீன் உருகி பிட்டைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு சுற்று சுற்றி, வெளியே எடுத்து, தூளைத் தட்டிவிட்டு, மறுபடி இரண்டு சுற்று. சர்க்யூட் போர்டுக்கு விற்கும் கார்பைட் பிட் மலிவு, கூர்மையும் அதிகம், ஆனால் பக்கவாட்டில் லேசாக அசைந்தாலே ஒடியும். கைக்கு ஹைஸ்பீடு ஸ்டீல் பிட்தான் சரி. துளை ஒரு மி.மீ. ஆழம் போதும். ஒன்பதும் முடிந்ததும் ராடை 2.5 மி.மீ. உயரத்தில் வெட்டி, கீழே 2 மி.மீ. ராட் ஒன்றை உடலாக ஒட்டுங்கள். வயர்களை இங்கேயே, எஞ்சினில் வைப்பதற்கு முன்னாலேயே, தேவைக்கு மேல் நீளமாக விட்டு ஒட்டிவிட வேண்டும். சூப்பர் க்ளூவை நேரே பாட்டிலிலிருந்து விடாமல், ஒரு சொட்டைத் தட்டில் விட்டு, வயர் முனையை அதில் தொட்டுத் துளையில் வையுங்கள்.

பெட்ரோல் லைன், பிரேக் லைன் விஷயத்தில்தான் என் பழைய வேலை கை கொடுக்கிறது. நிஜத்தில் எந்த உலோகக் குழாயும் அந்தரத்தில் போகாது. சட்டத்தை ஒட்டிப் போகும், ஓர் அடி ஒன்றரை அடிக்கு ஒரு கிளிப் இருக்கும், திரும்பும் இடத்தில் முறியாமல் சீரான வளைவில் திரும்பும், சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போகாது, அசையும் பாகத்தை அடையும்போது உலோகக் குழாய் முடிந்து ரப்பர் ஹோஸ் ஆரம்பிக்கும். உங்கள் முன் அச்சில் பிரேக் லைன் சட்டத்திலிருந்து நேரே சக்கரத்துக்குள் கம்பியாகப் போகிறது. சக்கரம் திரும்பினால் அது ஒடிந்துவிடும். சட்டத்தில் ஒரு சின்னத் துண்டு ஸ்டைரீனை பிராக்கெட்டாக ஒட்டி, அங்கிருந்து சக்கரம் வரை கொஞ்சம் தடிமனான கறுப்பு வயரைத் தளர்வாக விடுங்கள். கிளிப்புகளை 12 மி.மீ.க்கு ஒன்று என்று வையுங்கள், மெல்லிய அலுமினியத் தாளில் 0.4 மி.மீ. பட்டை வெட்டினால் போதும். செப்புக் கம்பியை நேராக்க விரலால் நீவாதீர்கள். ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையை இடுக்கியால் பிடித்து ஒரே இழுப்பு, கொஞ்சம் நீண்டு ரூல் தடி போல நிமிரும். வளைக்க டிரில் பிட்டின் தண்டைச் சுற்றித் திருப்புங்கள், வளைவுகள் எல்லாம் ஒரே அளவில் வரும்.

ரேடியேட்டர் ஹோஸுக்குச் சால்டர் கம்பியை விட நல்லது எதுவும் இல்லை. 1.6 மி.மீ. சால்டர் வாங்கினால் 1/25இல் ஏறக்குறைய ஒன்றரை அங்குல ஹோஸ், வளைத்த இடத்தில் அப்படியே நிற்கும், எகிறாது. ஈயம் கலந்தது என்றால் வேலை முடிந்ததும் கை கழுவுங்கள், சாப்பாட்டு மேசையில் வெட்ட வேண்டாம். பளபளப்பில்லாத கறுப்பு அடித்து, இரண்டு முனையிலும் ஒட்டும் உலோகத் தாளில் 0.5 மி.மீ. பட்டை ஒன்று சுற்றினால் கிளாம்ப். நிஜ கிளாம்ப் அரை அங்குலம், கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது. அதன் மேல் குறுக்காக ஒரு துளி கம்பி, அது திருகு.

போல்ட்டுக்கு எல்லோரும் அறுகோண ராட் தேடி அலைகிறார்கள். 3/8 அங்குல போல்ட்டின் தலை 9/16 அங்குலம், 1/25இல் 0.57 மி.மீ. அந்த அளவில் ஆறு பக்கமா வட்டமா என்று கை நீட்டிப் பிடித்தால் தெரியாது, போட்டிக்குப் போய் நடுவர் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். உருண்டை ராடைப் புது பிளேடால் சீவி, பிளேடு முனையிலேயே எடுத்து இடத்தில் வைத்து, தண்ணீர் மாதிரி ஓடும் சிமென்டைப் பிரஷ் நுனியால் தொட்டால் தானே பிடித்துக்கொள்ளும். தலை உயரம் கால் மி.மீ.யைத் தாண்டக் கூடாது. உயரமாக வைத்தால் கொப்புளம் மாதிரி இருக்கும்.

டாஷ்போர்டுக்கு ஒரே ஒரு குறிப்பு: 2 5/8 அங்குல மீட்டர் 2.7 மி.மீ., மெல்லிய கம்பியை அதற்கேற்ற டிரில் பிட்டில் சுருளாகச் சுற்றி நீளவாக்கில் ஒரு வெட்டு வெட்டினால் ஒரே அளவில் வளையங்கள் உதிரும், அவைதான் மீட்டரைச் சுற்றியிருக்கும் விளிம்பு. பழைய சார்ஜர் கேபிளுக்குள் இருக்கும் முடி போன்ற இழையை ஊசியில் நெருக்கமாகச் சுற்றினால் கார்புரேட்டரின் ரிட்டர்ன் ஸ்பிரிங்.

சரி, இனி அவ்வளவு உறுதியில்லாதவை. 'எது சரியான டீட்டெயில்' என்று ஃபோர்டு தொழிற்சாலை வண்டிக்குச் சொல்லலாம், ஹாட் ராடுக்குச் சொல்ல முடியாது, ஒவ்வொன்றும் ஒருவர் தன் கராஜில் கிடைத்ததை வைத்துக் கட்டியது. வயர் நிறம் மஞ்சளா கறுப்பா, பெட்ரோல் லைன் செம்பா ஸ்டீலா என்பதெல்லாம் கட்டியவர் விருப்பம். ஆனால் காலம் ஒன்று இருக்கிறது. 1940, 50களின் பாணியில் கட்டிவிட்டு, மூன்று ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டரும் வைத்துவிட்டு, அதற்குச் சிவப்பும் நீலமும் கலந்த அலுமினிய ஃபிட்டிங்கோடு பின்னிய ஸ்டீல் ஹோஸ் போட்டால் இடிக்கும், அது பிற்காலத்து வழக்கம். உங்கள் வண்டியில் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். செட்டில் வந்தது என்பதால் போட்டிருப்பீர்கள். நான் என்றால் கழற்றிவிடுவேன். ஒரு வண்டியை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் படங்களை நான்கு பக்கத்திலிருந்தும் சேர்த்து வைத்துக்கொண்டு அதையே பின்பற்றுவது, பத்து வண்டியிலிருந்து பிடித்ததைப் பொறுக்குவதைவிட எப்போதும் நன்றாக வரும்.

வாங்குவது பற்றிய உங்கள் மூன்று கேள்விக்கு வருகிறேன். லேத் வேண்டாம், ராடை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு அரத்தாலும் எமரித் தாளாலும் தேய்த்தால் புல்லி, ஏர் கிளீனர், ஹெட்லைட் எல்லாம் வந்துவிடும். திரீடி பிரிண்டரை நான் இயக்குவதில்லை, அச்சடித்த பாகங்களை வாங்கிப் பயன்படுத்துவதோடு சரி. கார்புரேட்டர், சக்கரம், ஜெனரேட்டர் போன்ற கெட்டியான பாகங்களில் அவை கிட்டில் வருவதைவிடப் பல மடங்கு மேல், அதை மறுக்க முடியாது, ஸ்ட்ராம்பெர்க் ஒன்றைக் கையால் செதுக்க வேண்டும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மெல்லிய பாகங்களில் பல ரெசின்கள் கண்ணாடி மாதிரி ஒடிகின்றன. எனவே கார்புரேட்டரை வாங்குங்கள், வயரும் பைப்பும் கையால் செய்யுங்கள். உங்கள் எஞ்சின் உங்கள் சட்டத்தில் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது செட் விற்கிறவருக்குத் தெரியாது. ஸ்டைரீன் ராடுக்குப் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள், கட்டட மாதிரிப் பொருள் விற்கும் கடைகளில் பாருங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சூப்பர் க்ளூ காற்றின் ஈரத்தில்தான் இறுகும், ஆகவே இங்கே சீக்கிரமே பிடித்துக்கொள்ளும், அதே காரணத்தால் சுற்றிலும் வெள்ளையாகப் பூத்தும் விடும். பெயின்ட் அடித்த பாகத்தில் மிகக் குறைவாகத் தொட்டு, சின்ன மின்விசிறிக் காற்று படும்படி வைத்தால் பூப்பது குறையும். விண்ட்ஷீல்டு பக்கம் சூப்பர் க்ளூவே வேண்டாம், வெள்ளைப் பசை போதும். மழை நாளில் லாக்கர் அடித்தால் பால் படர்ந்தது போல மங்கும், அன்றைக்கு வயர் வேலை பாருங்கள். கேமரா வைக்கும் டிரை கேபினெட்டில் பாகங்களைக் காயவைக்கும் யோசனை வந்தால், லென்ஸ்களை வெளியே எடுத்துவிட்டுச் செய்யுங்கள். ஸ்பிரே அடிக்கப் பாம் ஷெல்டரை (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறை) பயன்படுத்துகிறேன் என்று ஒருவர் உங்களுக்கு யோசனை சொல்லியிருந்தார். தயவுசெய்து வேண்டாம், காற்றோட்டம் இல்லாத இரும்புக் கதவு அறையில் லாக்கர் புகை ஆபத்து, ஜன்னல் ஓரம் போங்கள். அப்புறம், குரோம் பூசிய பாகத்தில் பசை பிடிப்பது பூச்சில்தான், பிளாஸ்டிக்கில் இல்லை, தொட்டால் பூச்சோடு உரிந்து வரும். ஒட்டும் இடத்தில் சுரண்டிவிடுங்கள், அல்லது வீட்டு பிளீச்சில் ஊறவைத்து முழுவதையும் எடுத்துவிடுங்கள். பிளீச்சோடு வேறு எந்தக் கிளீனரையும் கலக்கக் கூடாது.

முடிந்த வண்டியை என்ன செய்வது என்றால், முழுவதையும் பிரிக்க வேண்டாம். பழைய டிஸ்ட்ரிபியூட்டரையும் வயர்களையும் மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்ததை வையுங்கள், அதற்கு முன்னால் எஞ்சினின் பின்பக்கத்துக்கும் ஃபயர்வாலுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று ஒரு ஸ்டைரீன் துண்டை நுழைத்து அளந்துவிடுங்கள். இந்த எஞ்சினை 1932 ஃபோர்டில் இறக்குகிறவர்களுக்கு நிஜத்திலும் அந்த இடம் நெருக்கம்தான், பலர் ஃபயர்வாலையே உள்ளே தள்ளி அமைப்பார்கள். உங்கள் படத்தில் மூடி ஃபயர்வாலைத் தொடுகிற மாதிரி தெரிகிறது. ஒரு மி.மீ.கூட இல்லை என்றால் பின்பக்கத் துளைகளிலிருந்து வயர் வெளியே திரும்ப வழியிருக்காது, அப்போது ஃபயர்வாலில் ஒரு சதுரத்தை வெட்டி 3 மி.மீ. பின்னுக்குத் தள்ளிப் பெட்டி மாதிரி அடைத்துவிட்டு, அதற்குப் பிறகு வயரைத் தொடுங்கள். அந்த இடத்தை மேலிருந்து ஒரு படம் எடுத்துப் போட்டால், வயர்களை எந்தப் பக்கமாகத் திருப்பலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.